எரவாணத்து முடி

பேரம் பேசாமல் சரக்கு வாங்குகிறவரைக் கண்டால் எங்கள் வம்சத்துக்கே பயம். ஒன்று, அவர் காசு கொடுக்கப் போவதில்லை; இல்லையென்றால் மனசில் ஏதோ பாரம். அழகேசன் இரண்டாவது வகை.

அரியலூர்க் கடைத்தெருவில் இருந்த என் சவுரிக் கடைக்கு அவர் வந்தது எழுபத்தெட்டில், ஆவணி முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்னால். பக்கத்துச் சிமெண்டு ஆலையில் மூட்டை பிடிக்கிற வேலை. துவைத்த சட்டை போட்டு வந்தும் காது மடலில் சாம்பல் பூத்திருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"மவளுக்குக் கல்யாணம் முதலாளி. மாப்புள வூடு ஆண்டிமடம். இதுல ஒரு சவுரி கட்டிக் குடுங்க."

பிரித்தேன். முடி உருண்டைகள். தலை வாரும்போது உதிர்வதை விரலில் சுற்றி, முடிக்காரன் வந்தால் ஊசிக்கும் பாசிக்கும் போடலாமென்று கூரை எரவாணத்தில் பெண்கள் செருகி வைப்பார்களே, அவைதாம். பல வருஷத்துப் புகையேறிக் காய்ந்து கிடந்தன. தேங்காய் நார் இதைவிட மெத்தென்று இருக்கும்.

"அண்ணே, இதுல சவுரி கட்டுறதுக்குத் தொடப்பம் கட்டலாம். அந்தா தொங்குது பாருங்க, பட்டாட்டம். திருச்சிச் சரக்கு."

"இதுலதான் வேணும்."

பாதியாகக் குறைப்பார் என்று கூலியை இரண்டு மடங்காகச் சொன்னேன். "சரி" என்றார்.

"யாரு முடிண்ணே இது?"

தெருவைப் பார்த்தபடி சொன்னார். "சம்பூர்ணத்தோடது. என் வூட்டுக்காரி. போன வருசம் போய்ச் சேந்துட்டா. மவளுக்கும் அவளாட்டமே முடி, காஞ்சு பரந்து நிக்கும். தாலி ஏறயில சடையிலயாச்சும் அவ இருக்கட்டுமேன்னு... மவகிட்டச் சொல்லிப்புடாதீங்க. செத்தவ முடிய மணவறைக்குக் கொண்டு போறதான்னு பயந்து கழட்டிருவா."

கூலியை நானே பாதியாக்கினேன். கடையில் மாட்டியிருந்த, பேரத்தில் காலணா விடாத அப்பாவின் படத்தை அன்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காய்ந்த முடியோடு சண்டை போட்டு ஜெயித்தவன் கிடையாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். விளக்கெண்ணெயை மட்டும் தடவினால் பிசினாக அப்பும். தேங்காயெண்ணெயை மட்டும் தடவினால் குடித்துவிட்டு "இன்னும் கொண்டா" என்று விறைத்து நிற்கும். இரண்டையும் கலந்து, கை பொறுக்கிற சூட்டில் தடவித் துணியில் சுருட்டி வைத்தேன். பிறகு நுனியிலிருந்து மேலே மேலே, மரச்சீப்பால் கெஞ்சிக் கெஞ்சிப் பிரித்தேன். நாராகக் கிடந்தது மெல்ல இளகி, நெளிநெளியாகச் சுருள ஆரம்பித்தது. நுனியில் மட்டும் லேசான செம்பட்டை.

சவுரியைப் பொருத்திப் பார்க்க மகள் மலர்க்கொடியோடு வந்தார் அழகேசன். தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தாள். பஸ் காற்றில் காய்ந்ததும் முடி முன்னைவிடச் சிலும்பி நின்றது.

"தண்ணி தொட்டு வாராதம்மா, இன்னும் எழும்பும். இந்த எண்ணெயத் தடவு" என்று மிச்சமிருந்த சீசாவை நீட்டினேன்.

"எண்ணெ சும்மாவா? இல்ல, சவுரி வெலையில ஏத்தியாச்சா?"

பெண்ணுக்காவது பேரம் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆறுதல். எண்ணெய் தடவி, சவுரியை வைத்துப் பின்னி, சடையைத் தோளுக்கு முன்னால் போட்டாள். அவள் முடி எங்கே முடிந்தது, சவுரி எங்கே தொடங்கியது என்று கட்டிய எனக்கே தெரியவில்லை. நுனிக்கு வந்த விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"இது எந்த ஊருச் சரக்கு?"

"திருச்சிச் சரக்கும்மா." பொய்யில் என் நாக்கு இடறியதே இல்லை. எழுத்துத் தெரியாத அழகேசன் எதிர்ச்சுவர் போஸ்டரை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"திருச்சியில முந்திரிக்காடு இருக்கா? கொட்ட பொறுக்கப் போயி வெயில்ல எங்கம்மாவுக்கு நுனியெல்லாம் இப்புடித்தான் செவந்து கெடக்கும்." அப்பாவிடம் திரும்பினாள். "ஏம்ப்பா, கூரையப் பிரிச்சு ஓடு போட்டப்ப, எரவாணத்துல இருந்ததத் தூக்கிப் போட்டுட்டேன்னுதானே சொன்ன? அதுக்காக உங்கூட எத்தினி நாளு பேசாம கெடந்தேன்!"

"நீ பாத்தா அழுவியேன்னுதான் ஆத்தா ஒளிச்சு வச்சேன்."

மலர்க்கொடி மடமடவென்று சடையை அவிழ்த்தாள். சவுரி கையோடு வந்துவிட்டது. அழகேசன் கண்ணை மூடிக்கொண்டார். முன்பே சொல்லியிருக்கலாமோ, ஒளித்ததே தப்போ என்று அந்த முகம் தனக்குத்தானே வழக்காடியது.

அவள் சவுரியை மடியில் கிடத்தினாள். சீசாவில் இருந்த கடைசிச் சொட்டு வரை உள்ளங்கையில் கவிழ்த்து, சூடு பறக்கத் தேய்த்து, உச்சியிலிருந்து நுனி வரைக்கும் நிதானமாக நீவிவிட்டாள். யாரையோ முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைப்பதைப் போல இருந்தது. பிறகு பிடரியிலிருந்தே சேர்த்து, முன்னைவிட இறுக்கமாகப் பின்னி முடித்தாள்.

"முதலாளி."

"சொல்லும்மா."

"மாப்புள வூட்டுலேருந்து யாராச்சும் வந்து கேட்டா, திருச்சிச் சரக்குன்னே சொல்லுங்க."