ஐந்து வாரத்து வெல்லம்

சுரங்க டவுன்ஷிப்பில், பதினோராம் பிளாக் பிள்ளையார் கோயிலில் கூடும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் நல்ல சேதியோ, அவர்கள் அரைக்கிலோ வெல்லத்தைத் தெய்வசிகாமணி கையில் கொடுக்க வேண்டும். மைன்ஸில் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு வந்து அவர்தான் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவார். என்ன சேதி, யார் முதலில் சொன்னது என்று குடைந்து குடைந்து கேட்டபடியே கிண்டுவார். பொங்கலைவிட அந்தக் கதைதான் மனுஷனுக்கு ருசி.

ஐந்து வாரமாக வெல்லமே வரவில்லை.

அவர் மகள் சரிதாவின் கல்யாணம், பத்திரிகை அடித்த பிறகு நின்றுபோனதும் ஐந்து வாரத்துக்கு முன்புதான். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவேயில்லை. பாவம், பிளாக்கில் ஒரு வீட்டிலும் நல்லது நடக்கவில்லையே என்று ஊருக்காகத் தனியாகத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வெள்ளந்தி!

அந்த வெள்ளிக்கிழமை மைன்ஸ் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் திரும்பினார். "ஒங்க பிளாக்கு ஜெயராமனுக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சாமே! ஆர்டர் வந்து மூணு வாரம் ஆவுதாம். பொங்கல் பலமா?"

தெய்வசிகாமணிக்கு முகம் சுண்டிப்போனது. ஜெயராமன் பதினாலு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவன். அவனுக்காக இவர் வேண்டாத நாளில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே அவன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஏன்டா, எங்கிட்ட போய் மறச்சியா?"

ஜெயராமன் தலையைச் சொறிந்தான். "நீங்க நொந்துகினு இருக்கறப்ப நாங்க எப்பிடிண்ணே வெல்லத்த தூக்கிகினு வர்றது? கொஞ்சம் ஆறட்டும்னு எல்லாரும் பேசித்தான்..."

"எல்லாருமா? அப்ப இன்னும் இருக்குதா?"

இருந்தது. அம்சவல்லிக்குப் பேரன் பிறந்திருந்தான். குஞ்சிதபாதம் கண் ஆபரேஷன் முடிந்து, பேப்பர் படிக்கிறார்.

"எம் பொண்ணு கல்யாணம் நின்னதுக்கு அழுதேன்தான். அதுக்காக ஒங்க சந்தோஷத்துலேர்ந்து என்ன தள்ளி வச்சிடுவீங்களா? அதத்தான்டா தாங்க முடியல. கொண்டாங்க எல்லா வெல்லத்தையும்!"

சாயங்காலம் மூன்று வீட்டு வெல்லமும் ஒரே உருளியில் விழுந்தது. "திகட்டிடும்ணே" என்றாள் அம்சவல்லி. "திகட்டட்டும். பேரன் யார் ஜாடை, அதச் சொல்லு" என்றார். பேரன் கதையில் லயித்துப்போய் கரண்டியை மறந்தார். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

அந்த வாசனை கோயிலுக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். ஐந்து வாரமாக வாசல் தாண்டாத சரிதா வந்து நின்றாள். சின்ன வயசிலிருந்தே அடிப்பிடித்தது அவளுக்குத்தான். உருளியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரு வூட்டு பொங்கலு?"

"எனக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சும்மா" என்றான் ஜெயராமன், தப்புச் செய்தவன் மாதிரி.

"ஐயோ சித்தப்பா! மொதல்ல யாருகிட்ட சொன்னீங்க?" அப்பனைப் போலவே குடைந்தாள்.

"ஒங்கப்பாகிட்ட சொல்லத்தான் ஓடியாந்தேன். வாசவரைக்கும் வந்துட்டு திரும்பிட்டேன்."

சரிதா ஒரு வில்லையைச் சுரண்டி அவன் கையில் வைத்தாள். "இப்ப சொல்லுங்க."

ஜெயராமன் அவர் முன்னால் போய் நின்றான். "அண்ணே, எனக்கு பர்மனெண்ட் ஆயிடுச்சுண்ணே."

"அப்பிடியா!" என்று, அப்போதுதான் கேட்பவரைப் போலத் துள்ளி எழுந்தார் தெய்வசிகாமணி.