பட்டியலுக்கு வெளியே ஒரு எண்

ஞாயிறு பூசை முடிந்து என் அறைத்தோழி ரூபி விடுதிக்குத் திரும்பியபோதும் நான் அதே பக்கத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். கோடை விடுமுறையில் சென்னையில் நடக்கும் கணித முகாமுக்கான விண்ணப்பம் அது. மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். ஏதாவது ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைச் சொந்த ஆங்கிலத்தில், முழு வாக்கியங்களாக எழுதச் சொல்லியிருந்தார்கள்.

குஜிலியம்பாறையில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள் நான். கல்லூரிக்கு வந்த பிறகு நிரூபணங்களை ஆங்கிலத்திலேயே மனப்பாடம் செய்து, வரி பிசகாமல் தேர்வுத்தாளில் இறக்கிவைத்தேன். மதிப்பெண் குறைந்ததில்லை. ஆனால் எனக்குக் கணக்குத் தெரியுமா, கணக்கு இருக்கும் பக்கங்கள் மட்டும்தான் தெரியுமா என்ற பயம் போகவேயில்லை. முகாமில் இடம் கிடைப்பதைவிட இதற்கு விடைதான் எனக்கு வேண்டியிருந்தது.

"சாப்டியா அறிவு?"

"இல்ல."

"நல்லவேள. இன்னைக்கும் சோத்துக்கு கோஸுதான் வெஞ்சனம்."

ரூபி ஆங்கில இலக்கிய மாணவி. தாளை உருவி எடுத்துக் கட்டிலில் சாய்ந்தாள்.

பகா எண்களுக்கு முடிவில்லை என்பது நான் எடுத்துக்கொண்ட தேற்றம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுகிற இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு போன்றவை பகா எண்கள். அவற்றை வரிசையாக எத்தனை வேண்டுமானாலும் எடுத்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். ஆகவே கிடைப்பது புதியதொரு பகா எண் என்று எழுதியிருந்தேன்.

"இங்கிலீஷ் பரவால்ல. இந்த 'ஆகவே'தான் இடிக்குது. எதனால ஆகவே?"

"அப்படித்தான் வரும்டி."

"வந்து பாத்திருக்கியா?"

"நீயே பெருக்கிப் பாரு."

கைபேசியில் பெருக்கினாள். முதலில் இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்ட 7. ஐந்தைச் சேர்த்ததும் 31. பிறகு 211, 2311. எல்லாமே பகா எண்கள். பதிமூன்றையும் சேர்த்தபோது 30031 வந்தது. அதை எது வகுக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நான் ஜெயித்த தெம்பில் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"அறிவு, அம்பத்தொம்பதால மிச்சமில்லாம போகுது."

கையால் வகுத்துப் பார்த்தேன். போனது. 59-ஐ 509-ஆல் பெருக்கினால் 30031.

"போச்சா?" என்றாள் மெதுவாக.

"போச்சு."

'ஆகவே' வரியைப் பேனாவால் அடித்தேன். நான் அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்வை 59-இல் நின்றது. இது எங்கிருந்து வந்தது? எங்கள் பட்டியல் பதிமூன்றோடு முடிகிறது. பட்டியலில் உள்ள எந்த எண்ணால் 30031-ஐ வகுத்தாலும், கூட்டிய அந்த ஒன்று மிச்சம் நிற்கும். அப்படியானால் அதை வகுக்கிற பகா எண் வெளியே இருந்துதான் வந்தாக வேண்டும்.

பதிமூன்றோடு உலகம் முடிந்தது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அந்த உலகத்தின் எண்களை மட்டுமே வைத்துக் கட்டிய ஒன்றுக்குள், அந்த உலகம் அறியாத ஒரு எண் உட்கார்ந்திருந்தது.

ரூபியிடம் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப அம்பத்தொம்பதையும் பட்டியல்ல சேத்துட்டா?"

"வேற ஒண்ணு வரும்."

"அதையும் சேத்தா?"



புதிய தாளில், எதையும் பார்க்காமல் எழுதினேன். கிடைக்கும் எண் பகா எண்ணாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லையென்றால் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று அதற்குள் இருக்கும். என் ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் போனது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக அங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் படம் எடுத்து அனுப்பினேன். இடம் கிடைக்குமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ரூபி இன்னும் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினேழையும் சேத்துப் பெருக்கினேன்டி. இந்தத் தடவ பத்தொம்பதால மிச்சமில்லாம போகுது. பக்கத்து வீட்டுலயே இருந்திருக்கு பாரு."