பதியம் போட்டுப் புத்தகம் எடுக்கவும்

முல்லையாறு பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிடுமோ என்று சொர்ணலதா டீச்சருக்குப் பயம். வந்தால்தான் என்ன என்று சில காலைகளில் ஆசையும் உண்டு. குச்சனூர் போகும் வழியில், ஆற்றை ஒட்டிய தொடக்கப்பள்ளி அது. பனி இறங்கிய நேரத்தில் கடைசி அறையின் சன்னலைத் திறந்தால் கரையும் தெரியாது, எதிர்த் தோப்பும் தெரியாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வரும். அறையே மெல்ல நகர்வதுபோல் இருக்கும்.

அந்த அறையை நூலகமாக்கியது அவள்தான். அதுவரை புத்தகங்கள் தலைமையாசிரியர் வைகுண்டராஜின் இரும்பு பீரோவில் சுகமாகத் தூங்கின. நடையாய் நடந்து அவரிடம் சாவி வாங்கி, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கினாள். மனுஷர் ஒரு நிபந்தனை போட்டார். அறைக்கும் ஆற்றுக்கும் நடுவே பத்தடி மண் இருந்தது. மழையில் அது ஐந்தடிக்குக் குறைந்தால் அறைக்குப் பூட்டு, புத்தகங்கள் மறுபடி பீரோவுக்கு.

'பதிவு போட்டுப் புத்தகம் எடுக்கவும்' என்று சுவரில் எழுதச் சொல்லி அருண்பாண்டியைக் கூப்பிட்டாள். திராட்சை நாற்றுப் பண்ணைகளுக்கே போர்டு எழுதிப் பழகிய அவன் கை 'பதியம் போட்டு' என்று எழுதிவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் கவனித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதியம் போடத் தெரியாதா? நொச்சியை ஒடித்து ஈரத்தில் குத்தினாலே வேர் விடும். ஆனி மாதம் முழுக்கக் கரைச் சரிவில் குச்சிகள் பெருகின. யாரோ ஆடு கட்ட அடித்த முளை என்று டீச்சர் ஒன்றைப் பிடுங்கப் போனாள். இரண்டாம் வகுப்பு பாண்டீஸ்வரி ஓடிவந்து தடுத்தாள்.

"அது என் குச்சி டீச்சர். புத்தகம் எடுத்தேன்ல. நீங்கதான அங்கன எழுதிப் போட்டிருக்கீக?"

சுவரைப் பார்த்த டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. போன வருஷம் முழுக்க எழுத்துக்கூட்டத் திணறிய பிள்ளை அந்த வரியைத் தானாகப் படித்திருக்கிறாள். பிழையைத் திருத்த டீச்சருக்கு மனம் வரவில்லை. பதிவேட்டில் ஒரு பெயர்கூட ஏறாமலே நாள் போனது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை, செம்மண் நிறத்தில் ஆறு வடிந்துகொண்டிருக்க, வைகுண்டராஜ் பூட்டோடு வந்தார். சரிவின் கீழ்வரிசை முழுக்கப் போயிருந்தது. மேலே இருந்த நொச்சிகள் சேறு பூசிச் சாய்ந்தாலும் மண்ணை விடவில்லை. அவர் டேப்பை நீட்டி அளந்தார். ஏழடி. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். அப்போதும் ஏழடிதான்.

பாண்டீஸ்வரி கேரிப்பையில் சுற்றிய புத்தகத்தோடு வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"என் குச்சிய ஆறு கொண்டுட்டுப் போயிருச்சு டீச்சர். குச்சி இல்லன்னா புத்தகம் வச்சுக்கக் கூடாதுல்ல? படிக்க இன்னும் நாலு பக்கம் இருக்கு" என்று புத்தகத்தை நீட்டினாள்.

டீச்சர் வாயைத் திறக்குமுன் வைகுண்டராஜ் குனிந்து அதை வாங்கினார்.

"ஆறு கொண்டுபோனதுக்கு நீ என்ன ஆத்தா செய்வ? வச்சுப் படி" என்று திருப்பிக் கொடுத்தார்.

பாண்டீஸ்வரி அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்து, நாலு பக்கத்தையும் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். வைகுண்டராஜ் அவள் முடிக்கும்வரை நின்று கேட்டார்.