பொருள்: மலை தெரியாது

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தில் பிறந்தது. கஜகஸ்தானில், எங்கள் அல்மாட்டி நகரத்தில் வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் முதலில் ஜன்னலைத்தான் போடுவார்கள். ஜன்னலில் மலை இருக்கும். எங்கள் சமையலறை ஜன்னலிலும் இருந்தது, இரண்டு வருடத்துக்கு முன்புவரை. பிறகு எதிரே பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழும்பி மலையை முழுசாக விழுங்கிவிட்டது. நான் பழைய படத்தையே இணையத்தில் ஏற்றினேன். முப்பது வருடமாகக் கதை எழுதிப் பிழைப்பவளுக்கு, ஒரு மலையை இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பது பெரிய வேலையா?

பதினொரு பேர் பார்க்க வந்தார்கள். வாசலில் காலணியைக் கழற்றினார்கள், நேரே ஜன்னலுக்குப் போனார்கள், திரும்பி வந்து காலணியை மாட்டிக்கொண்டார்கள். குளியலறையை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

2.

(இந்தப் பகுதியை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று. "விவாகரத்து என்பது ஒரு" — வேண்டாம். "யெர்மெக்கும் நானும் ஒரு காலத்தில்" — ஐயோ, வேண்டவே வேண்டாம்.)

யெர்மெக் என் முன்னாள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். விவாகரத்தாகி நான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். வீடு விற்றால்தான் ஆளுக்கொரு சின்ன இடம் வாங்க முடியும். ஃபிரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு. அவர் ஏழு மணிக்குத் தேநீர் குடிப்பார், நான் ஒன்பதுக்கு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க நாங்களே போட்டுக்கொண்ட அட்டவணை அது. இப்படியே இன்னும் ஒரு வருடம் போனால் இரண்டு பேரும் மனிதர்களாக மிஞ்சமாட்டோம் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

3.

கடைசியில் ஒரு தரகரைப் பிடித்தோம். பெயர் கரகோஸ், முப்பத்து நான்கு வயது, கையில் இரண்டு கைபேசி. வந்ததும் விளம்பரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த மலை எங்க போச்சு?"

"எதிர்க் கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கு."

"அப்போ அவங்க வீட்டையா விக்கிறீங்க?"

உள்ளறையில் யெர்மெக் சிரித்தது கேட்டது. அவர் சிரித்து ரொம்ப நாளாயிற்று. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கரகோஸ் அந்த இடத்திலேயே படத்தை நீக்கினாள். "வந்த பதினோரு பேரோட மெயில் முகவரி இருக்கா?"

"இருக்கு. ஏமாந்து போனவங்களுக்கு எதுக்கும்மா மெயில்?"

"அவங்களுக்குத்தான் முதல்ல எழுதணும். வாட்ஸ்அப்ல போட்டா ஒரு கட்டைவிரல அனுப்பிட்டு மறந்துடுவாங்க. மெயில்னா உக்காந்து படிப்பாங்க. மொத்தமா அனுப்பாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் பேரு போட்டுத் தனித்தனியா. மேல 'பொருள்'னு இருக்கே, அங்கயே குறையச் சொல்லிடுங்க."

நான் எழுதிய வரைவு இப்படித் தொடங்கியது: "காலம் என்னும் கட்டடம் நம் மலைகளை" —

"அக்கா, இதப் படிச்சா வீடு வாங்க மாட்டாங்க. அனுதாபம் சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அழித்தோம். கடைசியில் போனது இதுதான்:

*பொருள்: மலை தெரியாது.*
*நாங்கள் போட்டது பழைய படம். மன்னிக்கவும். இன்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறோம். குழாய்கள் புதியவை. லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. கேள்வி இருந்தால் எழுதுங்கள்.*

நான் எழுதியதிலேயே சின்னக் கதை இது. (லிஃப்ட் வரியை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன். ஏன் என்று இப்போது தோண்ட வேண்டாம்.)

4.

பத்துப் பேரிடமிருந்து பதில் இல்லை. மொல்தீர் என்று ஒருத்தி மட்டும் ஒரே ஒரு வரி எழுதினாள்: "காலை ஏழு மணிக்கு அந்த ஜன்னலில் என்ன தெரியும்?"

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரியை வைத்து மொல்தீரை மலையேற்றத்தில் கணவனைப் பறிகொடுத்தவளாக்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். மலையே கண்ணில் படாத வீட்டைத் தேடுகிறாளாம். கரகோஸுக்குத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினேன்.

"அக்கா, அவங்க நர்ஸு. ராத்திரி டூட்டி முடிஞ்சு ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாங்க. மெயிலுக்குக் கீழயே ஆஸ்பத்திரி பேரு இருக்கே, பாக்கலையா? ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போடுங்க. லேட்டானா வேற வீட்டப் பாக்கப் போயிடுவாங்க."

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஆனால் பதில் எனக்குத் தெரியவில்லை. கட்டடம் எழும்பிய நாளிலிருந்து நான் திரையை இழுத்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். ஏழு மணி யெர்மெக்கின் நேரம். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"காலைல ஏழு மணிக்கு ஜன்னல்ல என்ன தெரியும்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உங்களக் கேப்பேனா?"

அவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அஞ்சாம் மாடி பால்கனியில ஒரு அம்மா வெள்ளைத் துணிய விரிச்சு குர்த் போடுவாங்க, தயிர உருண்டை உருண்டையா உருட்டிக் காயவைப்பாங்க. அவ்ளோ பெரிய கண்ணாடி வீட்டுல தொடப்பத்தோட உக்காந்து காக்கா வெரட்டிக்கிட்டிருப்பாங்க! நாலாவதுல ஒரு ஆளு கோட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டு கம்ப்யூட்டர்ல மீட்டிங் பேசுவாரு. கீழ பாத்தா பூப்போட்ட பைஜாமா."

நான் சிரித்துவிட்டேன். "இத ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ ஒன்பது மணிக்கு வருவ. அப்போ அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நான் மடிக்கணினியை எடுத்துவந்து அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நாற்பது நிமிடம். பைஜாமாப் பூவை நான் சிவப்பாக்கப் பார்த்ததில் ஒரு சின்னச் சண்டைகூட வந்தது. அவர் பார்த்தவர், அவர் சொன்னபடியே மஞ்சள் என்று போட்டேன். கீழே இரண்டு பேர் பெயரும். விவாகரத்து மனுவுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டது இதில்தான்.

பத்து நிமிடத்தில் மொல்தீரின் பதில் வந்தது: "சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் ஏழு மணிக்கே வரட்டுமா?"

5.

இன்று சனிக்கிழமை, ஆறு ஐம்பது. சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: மொல்தீர் வீட்டை வாங்குகிறாள்.

இரண்டு: குர்த் போடுகிற அம்மா இன்று பார்த்து எங்கோ ஊருக்குப் போய்விட்டாள். மொல்தீர் வெறும் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொள்கிறாள்.

மூன்று: யெர்மெக்கும் நானும் —

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். அது இல்லை. வீட்டை விற்கத்தான் வேண்டும், இரண்டு பேருக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் விற்ற பிறகு அவரைத் தெருவில் பார்த்தால் நான் நின்று பேசுவேன். போன மாதம்வரை எதிர்ச் சாரிக்குப் போயிருப்பேன்.

யெர்மெக் தேநீர்க் கிண்ணங்களை எடுத்து வைக்கிறார். மூன்று கிண்ணங்கள். ஃபிரிட்ஜில் என் மேல்தட்டிலிருக்கும் பாலைத்தான் கேட்காமல் எடுத்து ஊற்றுகிறார். திரை முழுசாகத் திறந்திருக்கிறது. ஐந்தாம் மாடியில் இன்னும் துணி விரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

வாசல் மணி அடிக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நடப்பதற்கு முன்னால் ஒரு முடிவை எழுதினால், அது மறுபடியும் பழைய படத்தை ஏற்றுவதுதான். நீங்கள் இந்த ஜன்னல் பக்கமாக வந்து நில்லுங்கள், துணி விரித்தாயிற்றா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.