கோதுமை நுழையாத கடை

மும்பை செம்பூர் பாகீரதி மாமி மெஸ்ஸில் பூரியை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை, வந்த கூட்டத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பூரி மசாலாவுக்காகவே மாட்டுங்காவிலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் இருந்தார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த மாட்டுங்காவில் இல்லாத பூரியா என்று கேட்கலாம். மாமியிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. அவள் கல்லாவில் உட்கார்ந்தபடி எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"இனிமே இங்க பூரி கெடையாது. சப்பாத்தியும் கெடையாது. கோதுமையே உள்ள வராது. இட்லி சாப்பிடறதுன்னா சாப்பிடுங்கோ, இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போங்கோ."

எதிர்க்கடைக்குப் போ என்பது அவள் அகராதியில் கடைசி வசவு. சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவரோடு நின்ற பர்கர் கடையைத்தான் அப்படிச் சொல்வாள். எந்த தேசத்துக்குப் போனாலும் அதே பலகை, அதே நாற்காலி, அதே ருசி என்று பெயர் வாங்கிய கடை. மகன் ஆதர்ஷ் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலைக்குப் போன புதிதில், வீடியோ காலில் அவன் முதுகுக்குப் பின்னால் அதே பலகையைப் பார்த்துவிட்டாள். தன் பிள்ளை அட்டைப்பெட்டியில் கைவிட்டுச் சாப்பிடுகிறான் என்று அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையோடு அவளுக்குச் சொந்தப் பகை.

பூரியை நிறுத்தியது ஓர்லா என்கிற ஏழு வயதுப் பெண்ணுக்காக. ஓர்லாவின் அம்மா மேவ், அயர்லாந்துக்காரி. மகளைத் தனியாக வளர்க்கிறவள். இங்கே ஒரு கம்பெனியில் நல்ல பதவி கிடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மெஸ் இருந்த கட்டடத்திலேயே ஐந்தாவது மாடியில் குடியேறினாள். ஓர்லாவுக்குக் கோதுமை ஆகாது. உடம்பு அரித்து இரண்டு நாளில் சரியாகிப்போகிற ஆகாமை இல்லை. துளி கோதுமை உள்ளே போனாலும் குடலின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். பிறகு எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. ஆயுசு முழுக்கக் கோதுமையை அண்டவிடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

அதனால் மேவ் வந்த நாளிலிருந்து குழந்தைக்கு எதிர்க்கடைதான் சமையலறை. அங்கே எதில் கோதுமை உண்டு, எதில் இல்லை என்று சுவரிலேயே பெரிய அட்டவணை மாட்டியிருந்தது. ரொட்டியில்லாத இறைச்சித் துண்டு, வேகவைத்த சோளம், ஒரு பழம். தினமும் அதே. சாலைக்கு இந்தப் பக்கமிருந்து மாமி அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை என்னவோ நன்றாக ஓடியாடிக்கொண்டுதான் இருந்தது. மாமியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அட்டைப்பெட்டிதான் தெரிந்தது.

"பாவம், ஒரு கொழந்தை டெய்லி அதையே தின்னுண்டிருக்கு. நம்ம கையில ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டா எப்படி இருக்கும்?" என்று கணவர் நாணுவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

"அவா சாப்பாடு அவாளுக்கு. உனக்கு என்னத்துக்கு?" என்றார் நாணு. அவர் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாருடைய விஷயத்திலும் தலையிடாமலே முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்.

மாமி அப்படி இருக்கிற ஜென்மம் இல்லை. ஒரு நாள் லிஃப்ட் வாசலில் மேவை நிறுத்தி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தை எடுத்துவிட்டாள். எங்கள் சாப்பாட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை அரிசிதான், கோதுமைக்கு வேலையே இல்லை என்றாள்.

மேவ் சுலபத்தில் மசியவில்லை. என்னென்ன போடுகிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டாள். மாமி விரல் மடக்கிச் சொன்னாள். அரிசி, உளுந்து, துவரம்பருப்பு, புளி, மிளகாய், மல்லி, வெந்தயம், மிளகு, தேங்காய், எண்ணெய். கடுகையும் கறிவேப்பிலையையும் விடவில்லை. உப்பைக்கூடச் சொன்னாள்.

"அந்தக் கடையில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்," என்றாள் மேவ், தயங்கியபடி. "அங்கே எனக்குப் பயமில்லை."

மாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. "நான் சொல்கிறேன் இல்லையா? என் வார்த்தையைவிட ஒரு அட்டை பெரிதா?" என்று கேட்டாள்.

சொன்னதோடு நிற்கவுமில்லை. பூரி போயிற்று, சப்பாத்தி போயிற்று, ரவா தோசை போயிற்று. ரவையும் கோதுமைதானே என்று அவளுக்கே தோன்றி நிறுத்தினாள். பழைய பாத்திரங்களைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கினாள். வேலைக்கு வரும் பெண் டப்பாவில் சப்பாத்தி கொண்டுவந்தால் வாசலுக்கு வெளியே வைத்துச் சாப்பிடச் சொன்னாள். இத்தனையும் பார்த்த பிறகு மேவ் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பெற்ற தாயும் இவ்வளவு செய்ய மாட்டாளே.

ஓர்லா முதல் நாளே இட்லியில் விழுந்துவிட்டாள். பிறகு பருப்பு சாதம், பிறகு ரசம். மாமி காரத்தைக் குறைத்து, மணத்தைக் கூட்டி, அவளுக்கென்று தனியாக வைப்பாள். குழந்தை அரைத் தமிழ் பேசவும் ஆரம்பித்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்த்தி, மாமி அவளுக்கு ஊட்டியதையும் பார்த்திருக்கிறார்கள். எதிர்க்கடைக் கண்ணாடியைப் பார்க்கும்போது மாமியின் முகத்தில் ஒரு ஜெயித்த களை இருக்கும்.

மழைக்காலம் வந்தபோது ஓர்லாவுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது.

மாமி பதறவில்லை. குழந்தைகளுக்கு வயிறு உப்பினால் என்ன செய்வது என்று மாமி மாதிரிப் பாலக்காட்டுக்காரர் வீடுகளில் யாருக்குத்தான் தெரியாது? அடுப்பங்கரை ஓரத்தில் எப்போதும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பெருங்காயக் கட்டி வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும். சாம்பாரில், ரசத்தில், பொரியலில் எல்லாம் அதிலிருந்துதான் ஒரு கரண்டி விழும். அதை மோரில் தாராளமாக விட்டு, உப்புப் போட்டு, இஞ்சி தட்டிக் கொடுத்தாள். குழந்தை ஆசையாகக் குடித்தது. "மாமி, மோர் வேணும்" என்பதுதான் அவள் பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியம். அடுத்த வாரம் வலி கூடியது. மாமி மோரில் பெருங்காயத்தையும் கூட்டினாள். தொப்புளைச் சுற்றிப் பற்றும் போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றார் டாக்டர். மேவ் பைத்தியம் பிடித்தவள் மாதிரித் தேடினாள். பள்ளிக்கூடத்தில் யாராவது பிஸ்கட் கொடுத்தார்களா? பற்பசையா? விளையாட்டுக் களிமண்ணா? நடுவில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் குழந்தை எதிர்க்கடைக்குப் போய்வந்தது நினைவுக்கு வந்ததும் மாமி பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பவே சொல்லலையா? அவன் அட்டவணையில எழுதினா எல்லாம் சத்தியமாயிடுமா? எந்தக் கையால எதைத் தொட்டானோ!" நாணுவிடம் தமிழிலும் மேவிடம் இங்கிலீஷிலும் இதையே சொன்னாள். அந்தப் பக்கமே இனி தலைவைக்கக் கூடாது என்று மேவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு ஓர்லா வாயில் வைத்தது எல்லாமே மாமி கையால் ஆனதுதான். மூன்று வேளையும் மெஸ். இடையில் மோர். குழந்தையின் கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது. தலைமுடி உதிர்ந்தது. மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துகொண்டது. எங்கே தேடியும் கோதுமை அகப்படாமல் போகவே, இந்த ஊர்த் தண்ணீரும் காற்றும்தான் ஆகவில்லை என்று மேவ் முடிவு கட்டினாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்து, அயர்லாந்துக்கே திரும்பத் தயாரானாள். பத்து வருஷம் ஏங்கிக் கிடைத்த வேலை என்று முன்பு ஒரு தடவை அவள் சொன்னது மாமிக்கு நினைவிருந்தது.

கிளம்புகிற அன்று காலை, குழந்தைக்கு வழிக்கும் ஊருக்கும் ஆகட்டுமென்று இட்லிப் பொடியும் ரசப்பொடியும் புதிதாக இடிக்க நினைத்தாள் மாமி. வீட்டிலிருந்த பெருங்காயம் பழசு. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஜெயினுலாப்தீன் கடைக்குப் போனாள். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். மெஸ்ஸுக்கு மளிகைச் சாமான் எல்லாம் இருபது வருஷமாக அவரிடம்தான்.

"ஒசத்தி பெருங்காயமாக் கொடுங்கோ பாய். கொழந்தைக்குக் கொடுத்து அனுப்பணும். பாவம், கோதுமையே ஆகாத கொழந்தை."

கட்டியை எடுத்த ஜெயினுலாப்தீன் கையை அப்படியே நிறுத்தினார்.

"கோதுமை ஆகாதா? அப்பொ இது ஆகாதே மாமி."

"பெருங்காயம் பாய். நான் கோதுமையைக் கேக்கலை."

"அதத்தான் சொல்லுதேன். செடியில வடியித பாலை அப்படியே திங்க முடியுமா? நாக்கு வெந்து போவும்லா. மைதாவும் கோந்தும் போட்டுப் பிசைஞ்சுதான் கட்டி பிடிக்காவ. பாதிக்கு மேல மாவுதான். சில கம்பெனிக்காரன் அரிசி மாவு போடுதான், நம்மகிட்ட இருக்கது எல்லாம் மைதாதான்."

மாமி அவர் கையிலிருந்த கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இத்தனை நாளா நீங்க சொல்லவே இல்லையே," என்றாள்.

"நீங்க கேக்கலையே மாமி. மாவு போடாத பெருங்காயத்த எந்த வீட்டுல வாங்குதாவ?"

அவர்மேல் என்ன தப்பு. அன்றைக்கு மேவிடம் விரல் மடக்கிச் சொன்னபோது உப்பு வரைக்கும் வந்ததே, பெருங்காயம் ஏன் வரவில்லை? அதை ஒரு சாமானாகவே அவள் நினைத்ததில்லை. அது வாசனை. வாசனையை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? டாக்ஸியில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அந்த மோர் நினைவுக்கு வந்தபோது, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, சாக்கடை ஓரத்தில் வாந்தியெடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நாணுவிடம் சொன்னாள். நாணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சொல்லாதே பாகீ. அவா சாயந்தரம் போயிடப் போறா. அங்க போனா இந்தச் சாப்பாடு இல்லே, கொழந்தைக்குத் தானே சரியாயிடும். பொடி மட்டும் கொடுக்காதே. வேறென்ன பண்ண முடியும் நம்மால?"

மனுஷர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாமி வார்த்தை கொடுத்தவள். அட்டையைவிடப் பெரிது என்று சொல்லிக் கொடுத்த வார்த்தை. அவள் ஐந்தாவது மாடிக்குப் போனாள்.

வீடு காலியாகிக் கிடந்தது. கூடத்தில் பெட்டிகள் மட்டும். மேவ் அவளைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் இவள் என்ன சாப்பிட்டிருப்பாள் என்றே எனக்குத் தெரியவில்லை, மாமி," என்றாள்.

மாமி அவள் கைகளை விலக்கிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இங்கிலீஷ் நடுவில் காலை வாரிவிட்டது. பெருங்காயத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்பதே மறந்துபோய், கையோடு கொண்டுவந்திருந்த கட்டியை எடுத்துக் காட்டினாள்.

மேவ் அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஐந்து மாதமாகத் தன் மகளின் வாயிலும் சட்டையிலும் இருந்த மணம் அவளுக்குத் தெரியாமலா போகும்?

"எதில் எல்லாம் போடுவீர்கள்?"

"எல்லாத்திலும்."

"ரசத்தில்?"

"ரசம், சாம்பார், பொடி. எல்லாத்திலும்."

"அந்த மோரில்?"

"மோரில்தான் ஜாஸ்தி," என்றாள்.

மேவ் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள், அடிப்பாள் என்றுகூட மாமி எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது. மேவ் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"எதிர்க்கடையில் சாப்பிட்டபோது இவளுக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இருந்தாள். நான்தான் அங்கிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன்." பிறகு, "என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று, மாமி," என்றாள்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல மாமி வாயெடுத்தாள். அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று அவளுக்கே பட்டது. சொல்லவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. பயணத்துக்கு உடுத்தியிருந்த புதுச் சட்டையில் ஓர்லா வந்தாள். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியைக் கண்டதும் அந்தச் சின்ன முகம் மலர்ந்தது.

"மாமி, மோர் வேணும்."

சாப்பிடக் கேட்டவருக்கு இல்லை என்று பாகீரதி மாமி தன் ஆயுசில் சொன்னதில்லை. கடையைச் சாத்திய பிறகு வந்தவருக்கும் அடுப்பை மூட்டியிருக்கிறாள்.

"இல்லே கொழந்தே," என்றாள்.

குழந்தைக்குப் புரியவில்லை. தான் சொன்னதில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கிட்டே வந்து மாமியின் புடவையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, மாமி சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாள்.

"மாமி. மோர். வேணும்."

"இல்லே," என்றாள் மாமி மறுபடியும். அவளால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேவ் எழுந்து வந்து, புடவையிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"வா ஓர்லா," என்றாள். "எதிர்க்கடைக்குப் போய்ச் சாப்பிடலாம்."