கொய்யா இலையில் சிவப்பு வட்டம்

"இந்த மரத்துல மட்டுந்தான் ஒரு தப்பும் இல்ல, பாத்தியா?"

"எந்த மரத்துல?"

"நம்ம கொய்யா மரத்துலதான். காலைல இருந்து அடுத்தவங்க தப்பைத் தேடித் தேடி கண்ணே பூத்துப்போகுது. இங்க வந்து உக்காந்து நிமிந்து பாத்தா, தேடுறதுக்கு ஒண்ணுமே இல்ல. மனசு லேசாயிடுது."

"ம்."

"நீ ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சே?"

"டீ ஆறுதுன்னு சொல்ல வந்தேன்."

இது மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு. டெய்லரம்மா அன்றைக்குக் கேட்க வந்தது டீயைப் பற்றி அல்ல. தைப்பதற்கு ஒரு அறை வேண்டும் என்று கேட்க வந்தாள். அந்த அறை கட்டுவதற்கு வீட்டில் மிச்சம் இருந்த ஒரே இடம் கொல்லைப்புறம். ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து இஞ்ச் டேப்பால் அளந்தும் வைத்திருந்தாள். பத்தடிக்கு ஒன்பதடி. அந்தப் பத்துக்கு ஒன்பதின் நட்டநடுவில், கோலெடுத்து அளந்து நட்டதுபோல, கொய்யா மரம் நின்றது. அதைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதரிடம் அதை வெட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தெருவில் அவருக்குப் பெயர் புரூஃப் சார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால்கூட, வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். மற்றபடி தங்கமான மனிதர். கேட்டால் எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார். கேட்காமல் எதுவும் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

டெய்லரம்மாவின் தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில் பன்னிரண்டு வருடமாக இருந்தது. யாராவது குளிக்கப் போனால் அவள் வயிற்றை எக்கிக்கொண்டு மெஷினோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜைத் திறந்தால் தையலை நிறுத்த வேண்டும். அளவு கொடுக்க வருகிறவர்கள் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விரிக்க முடியாமல் நிற்பார்கள். அதனால் அவள் தைத்த சட்டைகளில் இடது கை எப்போதும் அரை இஞ்ச் குறைச்சலாகவே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் கொய்யா இலையில் ஒரு பழுப்புப் புள்ளியைப் பார்த்தாள். பக்கத்து இலையிலும் ஒன்று. அதற்கு அடுத்ததில் மூன்று. அவள் மனசுக்குள் யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள்.

அடுத்த நொடியே அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்துவிட்டது. நோய் கண்ட ஜீவனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே, நாமெல்லாம் என்ன மனுஷி என்று உள்ளே போய், பழைய துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, எட்டிய இலைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தினமும் துடைத்தாள். மதில் வழியாக அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "பெத்த பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்கம்மா" என்று கண் கலங்கினாள். டெய்லரம்மாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

புரூஃப் சார் புள்ளியைப் பார்த்த அன்று சாப்பிடவில்லை. மறுநாள் ஸ்டூல் போட்டு ஏறிச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் போட்டார். வட்டம் அழியக் கூடாது என்று டெய்லரம்மா அதன் பிறகு இலையின் அடிப்பக்கத்தை மட்டும் துடைத்தாள்.

"அப்பா, மரத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

"சிரிக்காத. வட்டத்தைத் தாண்டினா நோய் வளருது. தாண்டலைன்னா நின்னுடுச்சு. இதுகூடத் தெரியலைன்னா எதுக்குக் காலேஜ்?"

நாலே நாளில் புள்ளி வட்டத்தைத் தாண்டியது. புரூஃப் சார் அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார். ஐந்தாம் நாள் காலையில், "எனக்கு அச்சகத்துல தலைக்கு மேல வேலை. நீ கொஞ்சம் நர்சரிக்குப் போய்க் காட்டிட்டு வாம்மா. நீதான் அது மேல உயிரையே வெச்சிருக்க" என்று ஓர் இலையைப் பறித்து, டிபன் டப்பாவில் வைத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

நர்சரி வைத்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காது நூலால் கட்டப்பட்டிருந்தது. டப்பாவைத் திறந்தவள் இலையை வெளியே எடுக்காமலே குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்தாள். பிறகு சட்டென்று மூடியைப் போட்டு மூடினாள்.

"இதை ஏன் இங்க எடுத்துட்டு வந்தீங்க? என் கன்னுங்களுக்கெல்லாம் தொத்திக்கும்!"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"நடுவுல பழுப்பு. அதைச் சுத்தி மஞ்சள். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு செவப்பு வளையம், அச்சுல வார்த்த மாதிரி. இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. மத்த இலைலயும் இப்படித்தானா?"

"புள்ளி இருக்கிற எல்லாத்துலயும்."

"முடிஞ்சது. இதுக்கு மருந்து கிடையாது. வேரோட வெட்டி, அங்கேயே எரிச்சிடுங்க. இன்னைக்கே செய்யணும். நானே ஆள் அனுப்புறேன்."

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணுக்கு முன்னால் பத்துக்கு ஒன்பது அறை ஒன்று எழும்பி நின்றது. ஜன்னலோரம் மெஷின். சுவர் நெடுக அலமாரி. அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கையையும் விமானம்போல விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவள் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை, யார் மனமும் நோக வேண்டியதில்லை. விஷயம் தெரிந்தவர்களே வெட்டச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் அழுதால் போதும்.

"சரிங்க" என்று டப்பாவை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனாள். வாசல் கேட்டில் கை வைத்தாள். சாப்பிடாமல் எழுந்துபோன மனிதரின் முதுகு நினைவுக்கு வந்தது. ஸ்டூலில் நுனிக்காலில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, இலை கிழிந்துவிடாமல் வட்டம் போட்ட அந்த மனிதர்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அந்தச் செவப்பு வளையம்..."

"ஆமா, அதுதான் ஆபத்தே."

"அது பேனாங்க."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரர் போட்டது. அவருக்கு எதைப் பாத்தாலும் வட்டம் போடணும்."

நர்சரியம்மா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி போட்டாள். இலையை வெளியே எடுத்து, விரல் நுனியை எச்சிலில் தொட்டு வட்டத்தைத் தேய்த்தாள். விரல் சிவந்தது. அந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இதை வெளியில சொல்லாதீங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வந்து மரத்தைப் பாக்குறேன். அதுவரைக்கும் உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து பேனாவைப் பிடுங்கி வைங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபடி வந்தாள். புரூஃப் சார் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் அப்பாக்களைப்போலக் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே சுற்றினார். நர்சரியம்மா மரத்தை மூன்று முறை வலம் வந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். தரையைக் குத்திப் பார்த்தாள்.

"இலைப்புள்ளி நோய்தான். சாதாரணமா வர்றது, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா சமையக்கட்டுப் பக்கம் இருக்கிற கிளைங்கதான் நாசமாப் போயிருக்கு, அந்தப் பக்கம் பளிச்சுன்னு இருக்கு. இலை எந்நேரமும் ஈரமா இருந்தாத்தான் இது இப்படிப் பரவும். யாரு மேலால தண்ணி ஊத்துறது?"

"நான் வேர்லதாங்க ஊத்துறேன்" என்றார் புரூஃப் சார். "இலை மேல ஒரு சொட்டு விட மாட்டேன்."

நர்சரியம்மா தாழ்ந்த கிளை ஒன்றைத் தடவினாள். பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. பட்டை இடுக்கிலிருந்து எதையோ உருவி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நீல நூல் சுற்றிய குண்டூசி.

மகள் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா லைனிங் துணியை எல்லாம் இங்கதான் காயப்போடுவாங்க. ஸ்கூல் திறக்கிற நேரத்துல மரமே யூனிஃபார்ம் போட்டுட்டு நிக்கும்."

துணியை நனைத்துக் காயவைத்து வெட்டினால்தான் தைத்த பிறகு சுருங்காது. நிழலில் காய்ந்தால்தான் சாயம் வெளுக்காது. தொழில் தெரிந்த எவளும் அப்படித்தான் செய்வாள். கொடிக்கயிற்றில் வீட்டுத் துணிக்கே இடம் போதாது. அதனால் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, கைக்கு எட்டும் கிளையில் போட்டுவிட்டுப் போவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். அதைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததே இல்லை.

"ச்சேச்சே, அவளா?" என்றார் புரூஃப் சார். "அவதாங்க இந்த மரத்தைக் காப்பாத்துறதே. தினமும் ஒவ்வொரு இலையா ஈரத்துணியால துடைக்கிறா."

"ஈரத்துணியாலயா? எல்லா இலைக்கும் ஒரே துணியா?"

"ஒரே துணிதான்" என்றாள் டெய்லரம்மா, காற்றுப் போன குரலில்.

"நல்லா இருக்கு. பத்திரிகை வைக்கிற மாதிரி வீடு வீடாப் போய் நோயைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க."

டெய்லரம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மரம் சாக வேண்டும் என்று ஒரு நொடி நினைத்ததற்கே குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தவள், கூலி வாங்கியவள்போல அந்த வேலையைத் தன் கையாலேயே ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

நர்சரியம்மா கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். உள்பக்கம் நெருக்கமாக இருக்கிற கிளைகளைக் கழித்துக் காற்று போக வழி செய்ய வேண்டும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துவிட வேண்டும். தாமிர மருந்து ஒன்று தருவாள், அதைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் கலந்து இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளிக்க வேண்டும். "எல்லாத்தையும் விட முக்கியம், இனிமே ஒரு கைக்குட்டைகூட இந்த மரத்துல காயக் கூடாது. அப்படி இருந்தா புதுத் துளிரு சுத்தமா வரும். நீங்க பேனாவை மூடி வெச்சுடலாம்."

அவள் போன பிறகு மூவரும் மரத்தடியில் நின்றார்கள்.

"அப்ப துணியை எங்கதான் காயப்போடுறது?" என்றார் புரூஃப் சார். "மாடியில?"

"மாடி குடியிருக்கிறவங்களுதுப்பா."

"உன் ரூம்ல ஒரு கொடி கட்டிட்டா?"

"என் கட்டில்ல பாதி இப்பவே ஸ்கூல் யூனிஃபார்ம்தான். நான் ஒருக்களிச்சுத்தான் தூங்குறேன், தெரியுமா?"

"நடையில?"

"நடையில அம்மாவே முழுசா இல்ல."

அச்சடித்த பக்கத்தில் ஒரு முழு வரி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தவர்போல அவர் முகம் மாறியது. கொல்லைக் கதவு வழியாக நடை தெரிந்தது. மெஷின் தெரிந்தது, ஃபிரிட்ஜ் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் அவள் உட்காரும் அரையடி ஸ்டூல் தெரிந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த வழியாகத்தான் அவர் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கோம். நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே?" என்றார் மெதுவாக. "சொல்லும்மா."

டெய்லரம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஈரமே இல்லை. மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு ரூம் வேணுங்க" என்றாள். "தைக்க. நாலு சுவரும் ஒரு கதவும் இருக்கிற ரூம். மரத்தை வெட்டிட்டுக் கட்டினாலும் சரி, மரத்தை விட்டுட்டுச் சுத்திக் கட்டினாலும் சரி. எனக்கு ஒரு ரூம் வேணும்."