துக்கம் கேட்க

குஞ்சுகள் நாலு நாள் சுணங்கின. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உமியில் உட்கார்ந்தன. சில செத்தன. பிறகு மற்றவை எழுந்து தீனி தின்றன. வெயில்தான் காரணம் என்று காளியண்ணன் நினைத்தான்.

அந்த வாரம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். அதற்காக மெட்ராசிலிருந்து வந்திருந்தாள் அவன் தங்கை சாரதாமணி. செத்த குஞ்சு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மல்லாக்கப் போட்டு பிளேடால் கீறினாள். காளியண்ணன் குனிந்து பார்த்தான்.

குடல் முடியும் இடத்தில், வால் பக்கமாக, ஒரு சின்னப் பை. சுண்டைக்காய் அளவில் வெளுப்பாக இருக்க வேண்டியது. இது வீங்கி, ரத்தம் கட்டி, சுற்றிலும் மஞ்சள் கூழ் படிந்து கிடந்தது.

"இதென்ன அம்முணி, ஈரலா?"

"பர்சா. கோழிக்கு மட்டும் இருக்கற பை. நோயை எதுக்கற அணுவெல்லாம் இதுக்குள்ள வந்துதான் கத்துக்குது."

"பள்ளிக்கூடமா?"

"அப்படித்தான் வெச்சுக்க. கம்பரோன்னு ஒரு சீக்கு. இந்தப் பையைத்தான் திங்கும்."

காளியண்ணன் சிரித்தான். "அப்ப என்ற கோழி அல்லாம் என்னாட்டம் நாலாங்கிளாஸோட நின்னுபோச்சுன்னு சொல்லு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

அவள் சிரிக்கவில்லை. பிளேடைக் கழுவினாள். கோழிச் செட்டுக்குள் பிழைத்த குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. பார்க்க ஒரு குறையும் இல்லை.

பர்சாவைத்தான் அவள் மெட்ராஸ் கால்நடைக் கல்லூரியில் ஆறு வருஷமாகப் படித்தாள். பொரித்த அன்றே குஞ்சின் வாலடியில் கீறி, பையை எடுத்துவிட்டு, ஒரு தையல் போடுவாள். பிறகு தடுப்பு மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்து, அதில் எதிர்ப்புப் பொருள் உண்டாகவில்லை என்று காட்டுவாள். கையால் ஒரு தடவைக்கு முப்பது குஞ்சு செய்யலாம். அவற்றைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். காற்றைக்கூட வடிகட்டி உள்ளே விட்டார்கள். அந்தக் கோழிகள் நன்றாக வளர்ந்தன. கொண்டை சிவந்தது. பார்க்க வந்தவர்கள் அதுதான் நல்ல கோழி என்று காட்டினார்கள். ஒருமுறை மின்சாரம் போய் விசிறி நின்றது. அறைக் கதவைத் திறந்து வைத்தார்கள். அந்த வாரமே எல்லாம் செத்தன.

இங்கே, அண்ணன் பண்ணையில், ஐயாயிரம் நின்றன. செட்டைச் சுற்றிக் கம்பிவலை மட்டும்.

ராணிக்கெட் என்னும் கழிச்சல் நோய்க்குக் காளியண்ணன் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு அவள் மறுபடி வந்தாள். இறக்கையடி நரம்பில் ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, பஸ்ஸில் மெட்ராசுக்குக் கொண்டுபோனாள். சோதனைத் தட்டின் குழிகளில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் சிவப்பணுக்கள் அடியில் பொட்டுப் போலப் படியும். இல்லாவிட்டால் படியாமல் பரவி நிற்கும்.

ஒரு குழியிலும் பொட்டு இல்லை. தட்டு முழுக்கச் சிவப்பு பரவி நின்றது.

அவளுடைய பேராசிரியர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்படி ஒரு மந்தை யாருக்கும் கிடைக்காது. ஒன்றும் செய்யாதீர்கள். வாரம் ஒருமுறை ரத்தம் மட்டும் எடுங்கள்" என்றார். அது தன் அண்ணன் பண்ணை என்று அவள் சொல்லவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சேலம் பஸ் ஏறினாள்.

"எல்லாத்தையும் இப்பவே கறிக்குக் குடுத்துரு" என்றாள் அண்ணனிடம்.

"இத்துனூண்டு கோழியை எவன் வாங்குவான்? இன்னொருக்கா மருந்து விட்டா ஆகாதா?"

"எத்தன தரம் விட்டாலும் ஆகாது. கத்துக்க எடமே இல்லீண்ணா."

காளியண்ணன் செட்டைப் பார்த்தான். கிணறு வற்றியபின் கடலைக்காட்டை மேடுதட்டிக் கட்டிய செட். அவனுக்கு வேறு வெள்ளாமை இல்லை. கோழிகள் கம்பிவலை ஓரம் வந்து அவனைப் பார்த்துக் கழுத்தை நீட்டின.

"சீக்கு உள்ள வந்தாத்தான சாகும்?"

"ஆமா."

"வராமப் பாத்துக்கறேன்."

வெளிக்கேட்டைப் பூட்டினான். வாசலில் குழி வெட்டிச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினான். தீனி மூட்டையை ரோட்டிலேயே இறக்கச் சொல்லி அவனே தோளில் சுமந்தான். முட்டை வைக்கத் தொடங்கும் வரை யாரும் உள்ளே வரக்கூடாது. அவன் மனைவி வசந்தாமணி கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தினாள்.

"ஊட்டுக்கு ஆரும் வரப்படாதாமா. அப்படி என்ன பொன்முட்டை போடற கோழி?" என்று பக்கத்துக் காட்டு அத்தாயி ரோட்டில் நின்று சத்தமாகக் கேட்டாள்.

கொண்டைகள் சிவக்கத் தொடங்கின. லீவை நீட்டி அங்கேயே தங்கிவிட்ட தங்கையிடம் காளியண்ணன் தினமும் அதைச் சொன்னான். அவள் ஒவ்வொரு முறையும் சரி என்றாள்.

பிறகு மல்லசமுத்திரத்திலிருந்து செய்தி வந்தது. வசந்தாமணியின் அப்பா சென்னியப்பன் பண்ணையில் வெள்ளைக்கழிச்சல். பாதிக் கோழி போய்விட்டது.

"ராணிக்கெட்" என்றாள் சாரதாமணி.

அந்தப் பக்கத்தில் மாடு செத்தாலும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருவார்கள். இப்போது கோழிக்கும் அப்படித்தான். செத்த இடத்துக்குப் போய், செட்டுக்குள் நின்று, கண்ணால் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். போகாதவன் பங்காளியுமில்லை, மாப்பிள்ளையுமில்லை. சென்னியப்பன் காளியண்ணனுக்கு மாமனார் மட்டுமல்ல, அம்மாவுடன் பிறந்த மாமன்.

"போகாதண்ணா" என்றாள் சாரதாமணி.

அவன் போகவில்லை. வசந்தாமணியையும் விடவில்லை. அவள் அழுதாள். அடுப்பு இரண்டு நாள் ஒருவேளைதான் எரிந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் ராஜ்தூத் வண்டிச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் கேட்டுக்கு வெளியே நின்றார். வேட்டியின் கரையில் உமி ஒட்டியிருந்தது. செருப்பில் காய்ந்த எச்சம்.

"மாப்ளே, நீங்க வல்லீனு நானே வந்துட்டேன். சௌரியமா இருக்கறீங்களா?"

காளியண்ணன் செட்டைத் திரும்பிப் பார்த்தான். சாரதாமணி கேட்டருகே போனாள்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. கால் கழுவித் துணி மாத்திட்டு ஊட்டுக்குள்ள வாங்க. செட்டுப் பக்கம் மட்டும் வேண்டாங்."

"ஏஞ்சாமி? நான் என்ன தீட்டா?"

"தீட்டில்லீங் மாமா. சீக்கு உங்க கால்ல இருக்குது."

"எங்காலு." அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இந்தக் காலோடதான் உன்னைத் தூக்கிட்டுத் தேர் பாக்கப் போனேன். அப்ப நல்லா இருந்துச்சு."

வசந்தாமணி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். யாரையும் பார்க்காமல் பூட்டைத் திறந்தாள். "அப்பா" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுண்ணாம்புக் குழியை அவர் கவனிக்கவில்லை. ஓரமாக நடந்து செட்டை நோக்கிப் போனார். சாரதாமணி முந்திப் போய்ச் செட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்றதுதான் அல்லாம் போச்சு. உங்களுதையாச்சும் ஒருக்கா கண்ல பாத்துட்டுப் போறனே" என்றார் சென்னியப்பன்.

காளியண்ணன் தங்கையின் முன் வந்து நின்றான்.

"நகுரு அம்முணி."

"அண்ணா. அல்லாமே போயிரும்."

"எனக்கும் தெரியுது. அதுக்காவ மாமனை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிப்போட்டு நான் எந்த ஊர்ல இருக்கறது? நகுரு."

அவள் நகர்ந்தாள்.

புது ஆள் என்றதும் கோழிகள் கூடி வந்தன. சென்னியப்பன் ஒன்றைத் தூக்கி, நெஞ்சு இறகை ஊதிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல கோழி மாப்ளே. இந்த மாதிரி நான் வளத்ததே இல்ல."

நாலைந்து நாள் ஒன்றுமில்லை. காளியண்ணன் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்தான். பிறகு ஒரு காலையில் செட்டின் கோடியில் ஒரு கோழி தும்மியது. மதியம் பத்திருபது. மறுநாள் கழுத்து முறுக்கிக்கொண்டு வட்டமிட்டவை, காலை இழுத்தவை, பச்சையாகக் கழிந்தவை. பிணங்களைச் சாக்கில் அள்ளினார்கள். தூரத்தில் குழி வெட்டினார்கள். குழி போதவில்லை.

ரத்தம் எடுக்கச் சொல்லி, லீவுக் கடிதத்தில் அவள் எழுதியிருந்த விலாசத்துக்குப் பேராசிரியரிடமிருந்து தந்தி வந்தது. அவள் அதைப் படித்து அடுப்பில் போட்டாள்.

செட்டு முழுதும் செத்து அடங்கியபின் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். ராசிபுரம் பக்கத்திலிருந்து அப்புசாமி, பள்ளிபாளையத்துப் பங்காளிகள், பெயர் தெரியாத மச்சான்கள். எல்லோரிடமும் பண்ணை இருந்தது. சாரதாமணி வாசலில் ஒரு அகலச் சட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்து, போகும்போதாவது காலை நனைக்கும்படி ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அவள் படித்த பெண் என்பதற்காக ஒரு காலை மட்டும் நனைத்தார்கள். செட்டுக்குள் நின்று தலையில் கை வைத்தார்கள். காளியண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார்கள்.

பிறகு, தங்கள் கோழிக்குத் தீனி வைக்க நேரமாயிற்று என்று சொல்லி, ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்பினார்கள்.